திருத்தைலம் பட்ட நாடா

செவன் கிங்ஸ்
14 ஒக்டோபர் 1990

தம்பி செபமாலைமுத்துவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நாலு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் அது அம்மாவுக்காக. உனக்காக என்று நினைத்துவிடாதே.

அம்மா ஓகஸ்ட் மாதம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டா. குருநகரில் இருந்து கொழும்புக்கு வரவே எட்டு நாள் எடுத்ததாம். கையில் ஒரு சின்னப் பை. அதற்குள் இரண்டு சேலை, செபமாலை, உன்னுடைய நாடா. உனக்குக் குருப்பட்டம் தந்த அன்று ஆயர் உன் உள்ளங்கைகளில் திருத்தைலம் பூசி, இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினாரே, அந்த லினன் நாடா. அது குருவின் தாய்க்குரியது. அவள் கண்ணை மூடினால் அவளுடைய கையில் அதைக் கட்டித்தான் பெட்டி மூட வேண்டும். ஆண்டவருக்கு முன்னால் போய் நின்று, நான் ஒரு குருவைப் பெற்றவள் என்று காட்ட வேண்டும். இது அம்மா சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம்.

இருபத்துநாலு வருடமாக அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் படுத்திருக்கிறா. எனக்கு அது தெரியாது. போன கிழமை உறைகளை எல்லாம் உருவி மெஷினில் போட்டுவிட்டேன். வெளியே எடுக்கும்போது ஒரு மூலையில் ஏதோ சுருண்டு கிடந்தது. எடுத்து விரித்தேன். மஞ்சளாய் இருந்த எண்ணெய்க் கறை போய்விட்டது. வாசமும் இல்லை. சோப்புத்தூள் மணம்தான்.

அம்மா என்னை ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அம்மா அதை வாங்கினா. மணந்து பார்த்தா, மடித்தா, என் கையில் தந்தா. "சுவாமியிட்டைக் குடு. திரும்பவும் எண்ணெய் பூசித் தருவார்" என்றா, உன்னைத்தான். அன்றிலிருந்து சாப்பாடும் அரைகுறை.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நீ அங்கியைக் கழற்றினது தெரியாது, லலிதாவைக் கட்டினது தெரியாது. டூட்டிங்கில் ஒரு கோயிலில் பங்குச் சுவாமியாய் இருக்கிறாய், ஆள் பற்றாமல் ஓய்வில்லாமல் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே ஒரு ஞாயிறு வா. கழுத்துக்கு வெள்ளைப் பட்டியைப் போட்டுக்கொண்டு வா. நாடாவில் ஏதாவது எண்ணெயைத் தடவி, ஆசீர்வதித்துக் கொடுத்துவிட்டுப் போ. ஒரு மணித்தியாலம் போதும்.

போன் எடுக்காதே. போன் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதம் போடு.

அக்கா
அஞ்சலீனா


டூட்டிங்
22 ஒக்டோபர் 1990

அன்புள்ள அக்கா,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் லலிதா அதை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் மூன்று முறை வாசித்தேன். அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தது எனக்குத் தெரியாது. குருநகரில் குண்டு விழுந்ததாக வானொலியில் கேட்டுவிட்டு ஆருக்குப் போன் எடுப்பது என்று தெரியாமல் இருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வாறன் அக்கா. நாளைக்கே வாறன். ஆனால் அந்தப் பட்டியைப் போட்டுக்கொண்டு வரமாட்டேன். சட்டையும் காற்சட்டையுமாக வந்து, அம்மாவின் காலடியில் இருந்து, உள்ளதைச் சொல்லுவேன். ரோமில் இருந்து விடுதலைக் கடிதம் வந்த பிறகுதான் லலிதாவைக் கட்டினேன். களவாக ஒன்றும் செய்யவில்லை. அதையும் சொல்லுவேன்.

நாடாவைக் கழுவினதற்காக நீங்கள் அழ வேண்டாம். அந்த நாளை யாரும் கழுவ முடியாது. ஆயர் குனிந்தபோது அவர் தலையில் வைத்த கூர்முடியின் பின்னால் தொங்கும் இரண்டு நாடாக்களும் முன்னால் சரிந்து என் கழுத்தில் பட்டன. எனக்குக் கூசியது. சின்ன வயதில் நான், "ஆயருக்கு ஏன் இரண்டு வால்?" என்று கேட்டு, பெரிய கோயிலுக்குள்ளேயே அம்மாவிடம் குட்டு வாங்கினது நினைவிருக்கிறதா? அது ஞாபகம் வந்து, கை கட்டுண்டபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு முழந்தாளில் இருந்தேன். பிறகு எலுமிச்சம் துண்டாலும் பாண் ரொட்டியாலும் கையைத் தேய்த்து எண்ணெயைத் துடைத்தார்கள். வெளியே வந்தபோது வெள்ளை மணலில் அம்மா எனக்கு முன்னால் முழந்தாளிட்டார். என்னைப் பெற்றவர். அன்று முதல் எனக்குப் பெயர் இல்லை, சுவாமிதான்.

நான் இப்போது மியூசியத்தில் காவல் வேலை. ரோமர் காலத்துச் சிலைகள் இருக்கும் அறை. அங்கே ஒரு பெண்ணின் தலை இருக்கிறது. நெற்றியைச் சுற்றிக் கம்பளி நாடாவை ஆறேழு சுற்றுச் சுற்றி, நுனிகளைத் தோளில் விட்டிருக்கிறாள். கோயில் நெருப்பை அணையாமல் காத்த கன்னிப்பெண்களில் ஒருத்தி. பூசை செய்பவர்களுக்கும் அதே நாடா, பலி கொடுக்கும் மாட்டுக்கும் அதே நாடா. ஆயரின் முடியில் தொங்குவதும் அந்த வழியில் வந்ததாகத்தான் ரோமில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் முப்பது வருடம் முடிந்தால் நாடாவை அவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாமாம். விரும்பினால் கலியாணமும் கட்டலாமாம். ஒருவரும் அவர்களைத் துரோகி என்று சொல்லவில்லை.

எந்த ஞாயிறு வரட்டும்?

அன்புத் தம்பி
முத்து


செவன் கிங்ஸ்
11 நவம்பர் 1990

தம்பி,

கல்லுப் பொம்பிளை முப்பது வருடம் இருந்தாள். நீ இருபது. கணக்கு உனக்குத்தான் பிழைக்கிறது.

உன் கடிதத்தை நான் குளியலறைக்குள் வைத்து வாசித்தேன். என் வீட்டிலேயே நான் இப்படி ஒளித்துத் திரிகிறேன். நீ சட்டையும் காற்சட்டையுமாக வந்து உள்ளதைச் சொல்லிவிட்டு, பாரம் இறங்கி, அடுத்த ரயிலில் போய்விடுவாய். பிறகு அந்தக் கிழவியை வைத்துப் பார்ப்பது ஆர்? அம்மாவின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று டொக்டர் சொன்னதை நீ கேட்டாயா? ஊரும் இல்லை, வீடும் இல்லை, கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. மிச்சம் இருப்பது நீ ஒரு குரு என்ற ஒன்றுதான். அதையும் பறிக்க வேணுமா?

உனக்கு அந்த நாடாவைத் தைத்தது ஆர் என்று தெரியுமா? நான். கரையை மடித்து, ஊசி தெரியாமல், மூன்று நாள். ஒரு சொட்டு வேர்வை படக்கூடாது என்று மடியில் துவாய் விரித்து வைத்துத் தைத்தேன். எனக்கு இருபத்தொன்பது வயது. சுவாமிக்குப் பட்டம் முடியட்டும், பிறகு உன்ரை காரியத்தைப் பார்ப்பம் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. அம்மா அதைக் கொண்டுபோய் ஆண்டவருக்குக் காட்டுவா. தைத்தவளை அங்கே ஆர் கேட்கப்போகிறார்கள்?

நீ விட்டுவிட்டுப் போனதை நான் எப்படி அறிந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. தமிழ்ப் பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு பெண் வந்து, "சுவாமியின்ரை மனுசி எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கோப்பைக்குள் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் தெரியாதவள் நான் ஒருத்திதான். நீ எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் அன்றைக்கு நான் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

இப்போது அம்மாவுக்கு நீ ஸ்கொட்லாந்துக்குத் தியானம் கொடுக்கப் போயிருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். அது இன்னொரு வில்லங்கமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் டிவியில் காலநிலை வரும்போது ஸ்கொட்லாந்து எங்கே என்று கேட்கிறா. படத்தில் மழை போட்டிருந்தால் பெருமூச்சு. உனக்குக் கழுத்துக்குச் சுற்ற ஒரு கம்பளிச் சால்வை பின்னுகிறா. கை நடுக்கத்தில் அகலம் கூடிக் குறைந்து வருகிறது.

மனதால் குருவாய் வராவிட்டால் பரவாயில்லை, மகனாய் வா. பட்டியைப் போட்டுக்கொண்டு வா.

அஞ்சலீனா


டூட்டிங்
17 டிசம்பர் 1990

அன்புள்ள அக்கா,

அந்தத் தேத்தண்ணி விஷயம் எனக்குத் தெரியாது. மன்னியுங்கோ. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் இருந்திருக்கிறேன். "அன்புள்ள அக்கா" என்று எழுதிவிட்டு மேலே ஓடாது. கோழைத்தனம்தான், வேறு ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு நான் செவன் கிங்ஸுக்கு வந்தேன். பட்டியைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். அலுமாரியின் அடியில் ஒன்று கிடந்தது. லலிதாதான் தேய்த்துத் தந்தாள். "நீங்கள் வாதாடிக்கொண்டு இருங்கோ, அங்கை அம்மா சால்வை பின்னுறா" என்றாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

ரயிலில் எனக்கு எதிரே ஒரு கரீபியன் மனுசி இருந்தாள். பட்டியைக் கண்டதும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, மகன் சிறையில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி அழுதாள். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். அக்கா, நான் அவளுக்கு என்ன சொல்லுறது? ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கிப் பட்டியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். அடுத்த ரயிலில் உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வரை வந்தேன். அம்மா யன்னலடியில் இருந்து பின்னிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. நான் ரோட்டின் அந்தப் பக்கத்தில், பஸ் தரிப்பில், நாலு பஸ் போகும் மட்டும் நின்றேன். பட்டியைப் போடவும் ஏலவில்லை, போடாமல் வரவும் ஏலவில்லை. திரும்பிவிட்டேன்.

லலிதாவால்தான் விட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவளைக் காணுவதற்கு இரண்டு வருடம் முன்னமே உள்ளுக்குள் விட்டுவிட்டேன். இங்கே நூற்றைம்பது பேருக்குப் பூசை வைப்பேன். எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அறைக்கு வந்து தகரத்தில் அடைத்த சூப்பைச் சூடாக்கி, தனியே நின்றுகொண்டே குடிப்பேன். ஊரில் என்றால் ஆராவது மீன் கொண்டுவந்து தருவார்கள், ஆராவது சண்டைக்கு வருவார்கள். இங்கே ஒருவரும் வரவில்லை. எனக்கு மனுசர் வேண்டியிருந்தது.

ஆனால் அம்மாவுக்கு முன்னால் பொய்யாக நிற்க மட்டும் என்னால் ஏலாது. அவர் செத்து, அந்த நாடாவோடு போய், அங்கே வைத்து அறிந்தால்? அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நாள் தாருங்கோ. உங்களிடம் நான் கேட்பது அந்த ஒன்றுதான்.

தம்பி
முத்து


செவன் கிங்ஸ்
12 மார்ச் 1991

தம்பி,

நேற்று அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை. நீ கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாய், நான் திரும்பிப் பார்க்கும் முன் போய்விட்டாய். லலிதா வெளியே மதிலோடு நின்றதாக ஆரோ சொன்னார்கள். அடக்கத்தன்றும் அப்படித்தான். முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர்க் கடிதத்துக்கு நான் பதில் போடாதது எனக்கு வலிக்கிறது. தைப்பொங்கல் முடியட்டும், குளிர் குறையட்டும், வரச்சொல்லுவோம் என்று வைத்திருந்தேன். பெப்ரவரியில் அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா விழுந்தா. ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள், இனி ஒரு நாளோ இரண்டு நாளோ என்றார்கள். வெளியே பனி முழங்கால் மட்டும். எங்கள் பங்குச் சுவாமிக்குப் போன் எடுத்தேன். காரை வெளியே எடுக்க முடியவில்லை, எப்படியும் வாறன் என்றார். அம்மா, சாகமுன் பாவத்தைச் சொல்ல வேணும், பாவசங்கீர்த்தனம், பாவசங்கீர்த்தனம் என்று ஒரு பக்க வாயால் கேட்டுக்கொண்டே இருந்தா. அப்போதுதான் உன் மியூசியத்துக்கு எடுத்தேன்.

பனியில் ரயில் நின்று, நீ ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்து நடந்து வந்தாய் என்று பிறகுதான் அறிந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். சப்பாத்துக்குள் தண்ணீர். மேலே அந்தக் காவல்காரக் கறுநீல உடுப்பு. அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தா. அது என்ன உடுப்பு என்று அம்மாவுக்கு விளங்கினதா, இல்லாவிட்டால் குருவின் கறுப்பு உடுப்பு என்று நினைத்தாவா, எனக்குத் தெரியாது. "சுவாமி வந்திட்டார். நீ வெளியிலை நில்" என்றா எனக்கு.

நாடாவை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் நான் அந்த விறாந்தையில் நின்றேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. பார்க்கக்கூடாது என்று தெரியும், பார்த்தேன். அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு நீ சொன்னாய். கனநேரம் சொன்னாய். பிறகு உன் தலை கட்டிலில் கிடந்தது, அம்மாவின் நல்ல கை உன் தலையில் இருந்தது. பிறகு நீ எழும்பிக் கையை உயர்த்திச் சிலுவை வரைந்தாய். உள்ளே வந்தபோது நாடா உன் மடியில். அம்மாவின் கையில் இல்லை. விடிய அம்மா போய்விட்டா.

பெட்டி மூடும்போது நீ சட்டைப் பைக்குள் இருந்து அதை எடுத்து என்னிடம் தந்தாய். நான் கட்டினேன்.

எங்கள் சுவாமியிடம் போய்க் கேட்டேன், நீ செய்தது செல்லுமா என்று. சாகக் கிடக்கும் ஒரு ஆளுக்கு, விட்டுப்போன குருவும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், அது முழுதாகச் செல்லும் என்றார். அந்தப் பயம் போய்விட்டது. மற்றது போகவில்லை.

தம்பி, அம்மாவுக்குத் தெரியுமா? நீ சொன்னாயா? அம்மா என்ன சொன்னா? நாடாவை அம்மா உனக்குத் திருப்பித் தந்தாவா, இல்லாவிட்டால் கட்டச் சொல்லித் தந்தாவா? நான் கட்டினது சரியா? அம்மாவை நான் ஆறு மாதம் ஏமாற்றினேன். ஸ்கொட்லாந்து மழையைக் காட்டி ஏமாற்றினேன். ஏமாந்தபடியே போனாவா என்று எனக்குத் தெரிய வேணும். சமைக்கும்போதும் அதுதான், கோயிலில் இருந்தாலும் அதுதான். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதிப் போடு. வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

அக்கா


டூட்டிங்
19 மார்ச் 1991
சூசையப்பர் திருநாள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் ஒன்று எழுதிக் கிழித்தேன்.

சொல்லக்கூடியதைச் சொல்லுகிறேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்து நடந்த இரண்டு மணித்தியாலமும் நான் ஒன்றைத்தான் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். "அம்மா, நான் இப்ப சுவாமி இல்லை." இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது என்று இருந்தேன். நீங்கள் வெளியே போனீர்கள். கதவு சாத்துப்பட்டது. நான் வாயைத் திறக்கும் முன் அம்மா நல்ல கையால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டார். "சுவாமி, பாவியான எனக்கு ஆசீர்வாதம் தாரும்" என்று தொடங்கிவிட்டார்.

அதோடு முடிந்தது அக்கா. அதற்குப் பிறகு நீங்கள் கண்ணாடியால் பார்த்த எல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்குள்தான். அவர் சொன்னதும் அதற்குள், நான் சொன்னதும் அதற்குள், நாடாவும் அதற்குள். ஒரு குரு பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைத் தலை போனாலும் வெளியே விட ஏலாது. ஓம் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது. லலிதாவும் ஒரு நாள் கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. அவள் எழும்பிப் போய்ச் சோற்றைச் சூடாக்கினாள்.

நீங்கள்தானே என்னைச் சுவாமியாக வரச் சொன்னீர்கள். இரண்டு கடிதம் சண்டை பிடித்தேன். கடைசியில் உடுப்பும் இல்லாமல், பட்டியும் இல்லாமல், நனைந்த சப்பாத்தோடு அப்படியே வந்தேன். அந்த இருபது நிமிடத்துக்கு நான் குருதான். அது முடிந்துவிட்டது. வாயைப் பூட்டி வைத்திருப்பதற்கு மட்டும் முடிவில்லை. உங்களுக்கு ஒரு சொல் போதும், அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு உங்களை இப்படித் தவிக்க விடுகிறேன். எனக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

நாடாவை நான் உங்கள் கையில் தந்தேன். நீங்கள் தைத்தது, நீங்களே கட்டினீர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை.

தம்பி
முத்து


செவன் கிங்ஸ்
24 மார்ச் 1991

தம்பி முத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் கிழித்துப் போடத்தான் வந்தது. கோபத்தில் அன்றைக்கு ஒருவருக்கும் சமைக்கவில்லை. இன்றைக்குக் குருத்தோலைப் பூசைக்குப் போய் வந்தேன். அங்கே முழுக்க உன்னைத்தான் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்குக் கூடப் பிறந்தவளை இப்படி வைக்கிறானே என்று. பிறகு யோசித்தேன், நீ சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நான் உன்னை என்னவென்று நினைத்திருப்பேன் என்று. அம்மாவும் என்னவென்று நினைத்திருப்பா?

வாற ஞாயிறு உயிர்ப்புத் திருநாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. லலிதாவையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு ஆட்டிறைச்சி சரிதானா என்று எனக்குத் தெரியாது, முந்தி ஒரு வார்த்தை போனில் சொல்லு. இனிப் போன் எடுக்கலாம்.

உன்னிடம் திரும்பக் கேட்கமாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. எனக்கு என்னைத் தெரியும். சாப்பிடும்போது கேட்பேன், கோப்பை கழுவும்போது கேட்பேன், சாகும் மட்டும் கேட்பேன்.

நான் எவ்வளவு கேட்டாலும் நீ சொல்லாதே.

அக்கா
அஞ்சலீனா